இரண்டு நிமிடப் பசை

ஒற்றைக் காலில் செருப்போடு சின்னவள் வீட்டுக்குள் வந்தபோது முதலில் எல்லோருக்கும் சிரிப்புதான் வந்தது. தொழிற்சாலை வாசலிலிருந்து வீடு வரைக்கும் நானூறு அடி இருந்தால் அதிகம். அதற்குள் இடது கால் செருப்பு எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. தார் ரோட்டின் சூடும் சரளைக் கல்லும் வெறும் காலில் பட்டிருக்கின்றன. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"ஏண்டி, தொலைச்சுட்டு வந்தியா, இல்ல இதுதான் புது ஃபேஷனா?" என்று அண்ணன் கேட்டான்.

சின்னவள் குனிந்து பார்த்தாள். உள்ளங்காலில் ரத்தம் கசிந்து தரையில் நாலைந்து இடத்தில் அப்பியிருந்தது. "அட, ஆமா!" என்று அவளும் சிரித்தாள். "கால் கழண்டு விழாம வந்துச்சே, அதைச் சொல்லு."

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. துணியை நனைத்து எடுத்துவந்து, அவளை நாற்காலியில் உட்காரவைத்து, காயத்திலிருந்து ஒரு கல்லைக் கிள்ளி எடுத்தாள். நகத்தால் அழுத்தியே எடுத்தாள். சின்னவள் முகம் சுளிக்கவில்லை. அண்ணனோடு ஏதோ வம்பளந்துகொண்டிருந்தாள்.

"வலிக்கலையாடி?"

"எடுத்துட்டீங்களா என்ன?"

அண்ணி அவளுடைய மற்றக் காலையும் இழுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தாள்.

அண்ணிக்குத் தொழிற்சாலையில் பெயர் டாக்டரம்மா. வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். ஆனால் ட்யூபில் பசை நிரப்பும் பிரிவுப் பெண்களுக்கு டாக்டர் என்றால் டாக்டர்தான். தலைவலி, இடுப்பு வலி, பிள்ளைக்குச் சளி என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் வந்து நிற்பார்கள். "நான் பசைக்குத்தான் டாக்டர், ஆளுங்களுக்கு இல்ல" என்று அவள் சொன்னால், "அப்போ பசைக்குக் காய்ச்சல் வந்தா உங்களைக் கூப்பிடறோம்" என்று சிரிப்பார்கள்.

அந்தத் தொழிற்சாலையைத் தூக்கி நிறுத்தியதே அவள் கண்டுபிடித்த பசைதான். அதற்கு முன்பு கடைகளில் விற்ற பசையை இரண்டு பக்கமும் பூசிவிட்டுக் கால் மணி நேரம் காயவிட வேண்டும். யாருக்குப் பொறுமை இருக்கிறது? பிய்ந்த செருப்பையோ பையின் கைப்பிடியையோ பொம்மையின் கையையோ ஈரத்தோடேயே சேர்த்து அழுத்திவிடுவார்கள். மறுநாளே பிய்த்துக்கொள்ளும். திட்டு கம்பெனிக்கு. இதை மாற்றத்தான் டாக்டரம்மாவை வேலைக்கு எடுத்தார்கள்.

செயற்கை ரப்பரின் இழைகள் சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி. கரைப்பான் உள்ளே புகுந்து சிக்கை நெகிழ்த்திக் கூழாக்கும். பூசிய பிறகு கரைப்பான் பறந்துவிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் பறக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் ஒட்டும். இரண்டு வருடம், இருநூற்றுச் சொச்சம் கலவைகள். கடைசியில் ஹெக்ஸேன், அசிட்டோன் என்ற இரண்டு கரைப்பான்களையும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சேர்த்து, கூடவே ஒரு பிசினும் போட்டபோது, சுவர்க் கடிகாரத்தில் நிமிட முள் இரண்டு கோடு நகர்வதற்குள் பசை காய்ந்துவிட்டது. அழுத்திய ரப்பர் துண்டுகளை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தும் பிரியவில்லை. முதலாளி அன்றைக்குச் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். 'இரண்டு நிமிடம்' என்பதையே பசைக்குப் பெயராக வைத்தார். இன்னும் வெளியிடப்படாத காப்புரிமை விண்ணப்பத்தில் உரிமையாளர் இடத்தில் கம்பெனியின் பெயரும், கண்டுபிடித்தவர் இடத்தில் அவள் பெயரும் ஏறின.

வளாகத்துக்குள்ளேயே மூன்று அறை வீடு கிடைத்தது. வெளியூரில் ஓட்டுநராக அல்லாடிக்கொண்டிருந்த அவள் கணவனுக்குச் சரக்கு அனுப்பும் பிரிவில் மேற்பார்வை வேலை கிடைத்தது. பெற்றோர் போனபின் அண்ணனை அண்டி வந்த சின்னவளுக்கும், "உங்க நாத்தனாராச்சே" என்று நிரப்பும் பிரிவில் இடம் கிடைத்தது. கேட்டுக்குள் போனால் வேலை, திரும்பினால் வீடு. குடும்பமே ஒரு ட்யூபுக்குள் அடைத்துவைத்தது மாதிரிதான் என்று அவள் கணவன் வேடிக்கையாகச் சொல்வான்.

செருப்பு தொலைந்த மறுவாரம் சின்னவள் கையிலிருந்து டம்ளர் நழுவியது. அடுத்த வாரம் படி ஏறும்போது முன்பாதம் தூக்காமல் இடறி விழுந்தாள். "தூக்கம் பத்தல அண்ணி" என்றாள். கழுத்துப் பொத்தானைப் போட முடியாமல் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் போராடிவிட்டு, பொத்தானில்லாத சட்டைக்கு மாறிக்கொண்டாள்.

"உன்கூட வேலை பார்க்கிற யாருக்காவது இப்படி இருக்கா?" என்று டாக்டரம்மா சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"மூடி போடற அக்காவுக்கு விரல் மரத்துப் போகுதாம். ஓரத்துல உட்கார்ற பொண்ணுக்குப் பாதம் பஞ்சு மேல வைக்கிற மாதிரி இருக்காம். ஏன் அண்ணி?"

"சும்மாதான் கேட்டேன்."

மறுநாள் காலை அவள் ஒரு கைப்பம்பில், காற்றிலிருக்கும் ஹெக்ஸேனை அளக்கும் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி எடுத்துக்கொண்டு நிரப்பும் பிரிவுக்குப் போனாள். எட்டு மாதமாக அவள் அந்தப் பக்கமே போகவில்லை. அவளுடைய ஆய்வகம் எதிர்க் கட்டடத்தில், மேல் மாடியில். அவள் முன்பு பார்த்த அறையில் இரண்டு பக்கமும் ஜன்னல், சுவரில் இரண்டு பெரிய விசிறி. இப்போது பிரிவையே உள்ளறைக்கு மாற்றியிருந்தார்கள். தூசி பறந்து ட்யூப் வாயில் ஒட்டுகிறதாம். இந்த அறைக்கு ஜன்னலே இல்லை. ஒரே ஒரு விசிறி இருந்தது. அதுவும் ஓடவில்லை.

"அது ஓடினா பசை குழாய் முனையிலேயே காய்ஞ்சு அடைச்சுக்குது டாக்டரம்மா. அதான் நிறுத்தச் சொல்லிட்டாங்க" என்றாள் மூடி போடும் அக்கா.

பன்னிரண்டு பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அறையில் இனிப்பும் காட்டமுமாக ஒரு வாசனை. டாக்டரம்மா பம்பை இழுத்தாள். குழாய்க்குள் நிறம் மாறத் தொடங்கி, அனுமதித்த அளவுக்கான கோட்டைத் தாண்டி, கடைசிக் கோட்டையும் தாண்டி, முனையில் போய் முட்டி நின்றது. அதற்கு மேல் அளக்கக் குழாயில் இடமில்லை.

கரைப்பான் பறந்துவிட வேண்டும் என்று இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டவள் அவள். பறந்து எங்கே போகும் என்பதற்கு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: 'நல்ல காற்றோட்டம் தேவை.' ஹெக்ஸேன் மாதக்கணக்கில் மூச்சோடு உள்ளே போனால் கால் கை நரம்புகளைத் தின்னும் என்பது அவளுக்குத் தெரியாத பாடமா? பாடமாகத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

முதலாளி அன்பாகத்தான் வரவேற்றார். "உட்காருங்கம்மா. டீ சொல்லட்டுமா?"

"சார், நிரப்புற ரூம்ல ஹெக்ஸேன் ரொம்ப அதிகம். மூணு பேருக்குக் கை கால் மரத்துப் போகுது."

"நாள் பூரா ஒரே இடத்துல உட்கார்ந்தா எனக்கும்தான் மரத்துப் போகுது."

"இது அந்த மரத்துப் போறது இல்ல சார். நரம்பு போயிட்டிருக்கு. ஹெக்ஸேனை எடுத்துட்டு சைக்ளோஹெக்ஸேன் போடலாம், அது நரம்பைத் தொடாது. போட்டுப் பார்த்திருக்கேன். பலம் குறையல. காயறதுக்கு மட்டும் அஞ்சு நிமிஷம் ஆகும்."

முதலாளி மேசை மேலிருந்த ட்யூபை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "இதுல என்னம்மா எழுதியிருக்கு? படிங்க."

அவள் படிக்கவில்லை.

"அஞ்சு நிமிஷப் பசையை ஊர்ல எல்லாரும் செய்யறான். விசிறியை ஓடவிடச் சொல்றேன், போதுமா?" என்றவர் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார். அவசரமில்லாமல் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "உங்களை மிரட்டறதா நினைக்காதீங்க. ஞாபகப்படுத்தறேன், அவ்வளவுதான். கலவையில என்ன இருக்குன்னு வெளியாள்கிட்ட ஒரு வார்த்தை போகக் கூடாது. வேலையை விட்டா மூணு வருஷம் பசை, பெயின்ட், வார்னிஷ், பாலிஷ் எதுலயும் கை வைக்கக் கூடாது. கீழ இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

அவள் கையெழுத்துதான். வேலை கிடைத்த சந்தோஷத்தில் படிக்காமல் போட்டது. கடைசி எழுத்தின் வாலைக் கொஞ்சம் நீளமாகவே இழுத்திருந்தாள்.

விசிறி இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் குழாய் முனைகள் அடைத்துக்கொண்டன. நான்காம் நாள் நின்றுவிட்டது.

வீட்டில் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எழுந்து போய்ச் சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தான். அடுத்த வீட்டில் இருப்பவர் கணக்குப் பிரிவு.

"நிச்சயமாத் தெரியுமா?" என்றான்.

"ரத்தம் எடுத்துப் பார்க்கல. ஆனா தெரியும்."

"என் தங்கச்சிங்க அவ. எனக்கு மட்டும் பதறாதா?" அவனுக்கு உணர்ச்சி மிஞ்சினால் மனைவியிடமும் மரியாதை வந்துவிடும். "ஆனா கொஞ்சம் யோசிங்க. இதை வெளிய சொன்னா வீடு போச்சு, நம்ம ரெண்டு பேர் வேலையும் போச்சு. அதுகூடப் போகட்டும். யார் கண்டுபிடிச்ச பசைன்னு கேட்பாங்கல்ல? காப்புரிமை விண்ணப்பத்துல யார் பேர் இருக்கு? முதலாளி பேரா இருக்கு?"

அவளையும் அதுதான் தடுத்தது. வீட்டை விட்டுவிடலாம். வேலையை விட்டுவிடலாம். தன் பெயரை எங்கே கொண்டுபோய் விடுவது?

சின்னவளிடம் ஒன்று மட்டும் சொன்னாள். "ஒரு மாசம் லீவு போடு."

"எதுக்கு அண்ணி?"

"உடம்புக்கு முடியலல்ல?"

"லீவு போட்டா வேற ஆளை உட்கார வச்சிடுவாங்க. காரணத்தைச் சொல்லுங்க, போடறேன்."

டாக்டரம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். சின்னவள் தோளைக் குலுக்கிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். ஆய்வக ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த உள்ளறையின் கூரை தெரியும். டாக்டரம்மா ஒவ்வொரு நாளும் பார்த்தாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டும் பார்த்தாள். முதுகில் தெரிந்தது.

டாக்டரம்மா அறைக் காற்றை அளந்ததிலிருந்து பதினேழாவது நாள் சின்னவளால் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. எழுந்து நின்றாள், முழங்கால் மடங்கி அப்படியே சரிந்துவிட்டாள். அண்ணனும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

நரம்பு மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. பொறுமையாகக் கேட்டார். ஊசியால் தொட்டுப் பார்த்தார், கம்பிகளை ஒட்டி மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். மூன்று நாள் கழித்துச் சின்னவளின் கட்டிலருகில் வந்து மூவரிடமும் பேசினார்.

"ரெண்டு கால், ரெண்டு கை நரம்பும் நல்லா பாதிச்சிருக்கு. சர்க்கரை இல்ல, வைட்டமின் குறைவும் இல்ல. வேலை செய்ற இடத்துல என்ன ரசாயனம்னு கம்பெனியைக் கேட்டேன். 'ரப்பரும் கரைப்பான் கலவையும், மற்றவை தொழில் ரகசியம்'னு ஒரு வரி அனுப்பியிருக்காங்க. அதை வச்சு நான் என்ன செய்ய? உடம்போட எதிர்ப்பு சக்தியே நரம்பைத் தாக்குதோன்னு ஒரு சந்தேகம். நாளைக்குக் கணுக்கால்ல நரம்புத் துண்டு கொஞ்சம் வெட்டி எடுத்துப் பார்த்துடலாம். அதுக்கப்புறம் மருந்து ஆரம்பிக்கணும். கொஞ்சம் கடுமையான மருந்துதான். வேற வழியில்ல."

சின்னவள் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வெட்டி எடுத்தா அந்த இடம் திரும்ப வருமா?"

"அந்தச் சின்ன இடத்துல உணர்ச்சி வராதும்மா. ஆனா காரணம் தெரியணுமே."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சின்னவள் அண்ணியைப் பார்த்தாள். வீட்டில் படித்தவள் அண்ணிதானே, ஏதாவது கேட்பாள் என்று பார்த்தாளே தவிர அதில் வேறு எதுவும் இல்லை. அந்தப் பார்வையை டாக்டரம்மாவால் தாங்க முடியவில்லை.

"வெட்ட வேண்டாம்" என்றாள். "ஒரு பேப்பர் கொடுங்க."

மருத்துவர் கொடுத்த சீட்டில் எழுதினாள். ஹெக்ஸேன், அதன் பங்கு இத்தனை. அசிட்டோன், அதன் பங்கு இத்தனை. இரண்டும் சேர்ந்தால் நரம்புக்கு இன்னும் கேடு என்றும் எழுதினாள். அறையின் அளவு, ஆட்களின் எண்ணிக்கை, தினம் எத்தனை மணி நேரம், குழாயில் நிறம் எது வரை ஓடியது, எல்லாம் எழுதினாள். எழுதி முடித்துச் சீட்டை நீட்டினாள்.

மருத்துவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு துல்லியமா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் கலந்தேன்."

சின்னவள்தான் முதலில் பேசினாள். "எப்போ இருந்து தெரியும் அண்ணி?"

"இருபது நாளா."

"இருபது நாளா," என்று சின்னவள் திருப்பிச் சொன்னாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "உனக்கு?"

அவன் அவள் போர்வையின் நுனியை இழுத்துச் சரிசெய்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திரும்பிப் படுக்கவே அவளுக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. உதவிக்கு நீண்ட கையைத் தட்டிவிட்டாள்.

மருத்துவர் அதோடு விடவில்லை. விடவும் கூடாது, அது அவர் கடமை. தொழிலாளர் சுகாதார அலுவலகத்துக்கு எழுதினார். அடுத்த வாரமே மூன்று அதிகாரிகள் வந்து அந்த உள்ளறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். பன்னிரண்டு பெண்களையும் பரிசோதித்ததில் ஒன்பது பேருக்கு நரம்பு பாதித்திருந்தது. ஹெக்ஸேன் பீப்பாய்கள் லாரியில் ஏறிப் போயின. ஏற்றி அனுப்பியவன் சின்னவளின் அண்ணன்தான்.

முதலாளி கூப்பிட்டார். டாக்டரம்மா ஆய்வகச் சாவியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனாள். போ என்று சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட அவளுக்குத் தோன்றியது. யாராவது பிடரியைப் பிடித்துத் தள்ளினால் வெளியே விழுந்துவிடலாம், தானாக நடந்து போகத்தான் கால் வரவில்லை.

இந்த முறை டீ வரவில்லை. ஆனால் அவர் கத்தவும் இல்லை.

"சைக்ளோஹெக்ஸேன்ல மாத்திடுங்க. அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷம். அதிகாரிங்களும் அதைத்தான் சொல்றாங்க."

"சரி சார்." சாவியை மேசையில் வைத்தாள். "என்னை எப்போ அனுப்பறீங்க?"

"உங்களை எதுக்கு அனுப்பணும்?" உண்மையாகவே ஆச்சரியப்பட்டவர் மாதிரி பார்த்தார். "வெளிய அனுப்பினா நாளைக்குப் பத்திரிகைக்காரன் உங்க வீட்டு வாசல்ல நிப்பான். உள்ள இருக்கிற வரைக்கும் நீங்க நம்ம ஆளு. விசாரணையில கேட்டா கம்பெனியோட நிபுணர் நீங்க. மாத்தச் சொன்னதும் நீங்க, மாத்தினதும் நீங்கன்னு நான் சொல்வேன். நீங்களா போறேன்னா போங்க. மூணு வருஷக் கதை தெரியும்ல? உங்க வீட்டுக்காரரும் கூடவே போக வேண்டியிருக்கும்."

சாவியை அவள் பக்கம் தள்ளினார்.

புதுக் கலவையை அவள் பதினோரு நாளில் முடித்தாள். வேலை தெரிந்த கை, தானாகச் செய்தது. நிரப்பும் பிரிவு பழைய அறைக்கே, ஜன்னல்களும் விசிறிகளும் இருந்த அறைக்கே திரும்பியது. அதன்பின் ஆய்வகத்துக்கு வேறொருவரைப் போட்டார்கள். அவளுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறை கொடுத்து, ட்யூப் மேல் அச்சிடும் வாசகங்களைச் சரிபார்க்கச் சொன்னார்கள். எச்சரிக்கை வாசகத்தில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்தச் சொல்லுக்கு அடியில் கோடு, இதுதான் வேலை. காலையில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். 'தகராறுகளில் சம்பந்தப்பட விரும்பவில்லை' என்று மரியாதையாகப் பதில் வந்தது. இன்னும் இரண்டு கல்லூரிகளிலிருந்து பதிலே இல்லை.

நிரப்பும் பிரிவுப் பெண்கள் இப்போது அவளை டாக்டரம்மா என்று கூப்பிடுவதில்லை. மேடம் என்றார்கள்.

மருத்துவர் சொன்னபடியே, கரைப்பான் ஆவியை விட்டு விலகிய பின்னும் சின்னவளுக்கு இரண்டு மாதம் நோய் ஏறிக்கொண்டேதான் போனது. பிறகு நின்றது. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. ஐந்தாம் மாதம் சுவரைப் பிடித்து நின்றாள். எட்டாம் மாதம் ஊன்றுகோலோடு நடந்தாள். அத்தனை மாதமும் அண்ணிதான் குளிப்பாட்டினாள், தலை வாரிவிட்டாள், கை கால் பிடித்துவிட்டாள். தண்ணீர், மருந்து, போதும் என்பதைத் தவிர சின்னவள் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பத்தாம் மாதம், ஒரு பேருந்து நிலையத்தில் உட்கார்ந்தபடியே டிக்கெட் கொடுக்கும் வேலை சின்னவளுக்குக் கிடைத்தது. தோழி ஒருத்தியோடு அறை எடுத்துத் தங்கப் போவதாக அண்ணனிடம் சொன்னாள். அவன் கெஞ்சிப் பார்த்தான், கோபித்தும் பார்த்தான். "இந்த கேட்டுக்குள்ள இனிமே என்னால மூச்சு விட முடியாதுண்ணே" என்றாள்.

கிளம்பிய அன்று மதிய இடைவேளையில் டாக்டரம்மா வீட்டுக்கு வந்து துணிகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். சின்னவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேட்கட்டுமா?" என்றாள்.

"கேளு."

"அண்ணனோட வேலைக்காகப் பேசாம இருந்தீங்களா, உங்களுக்காகவா?"

டாக்டரம்மா மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே பிடித்தபடி நின்றாள். அண்ணன் பெயரைச் சொன்னால் பாதிப் பழி குறையும். அவன் இருந்தால் தானே தலையாட்டி ஒத்துக்கொண்டிருப்பான்.

"ரெண்டுக்கும்தான்," என்றாள். "அதிகம் எனக்காக. என் பேர் கெட்டுடும்னு பயந்தேன்."

சின்னவள் ஊன்றுகோலை எடுத்து எழுந்து நின்றாள். "சரி. பையை நீங்களே எடுத்துட்டு வாங்க. எனக்குத் தூக்க முடியாது."

மன்னித்துவிட்டாளா என்று டாக்டரம்மா கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தாள். கேட்டைத் தாண்டி, சாலையைக் கடந்து, நிறுத்தத்துக்கு வந்தார்கள். வழியில் சின்னவள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். இரண்டாவது இடத்தில் அண்ணியின் தோளில் கை வைத்தாள். பிடிமானத்துக்குத்தான்.

பேருந்து வந்தது. நடத்துநர் கை கொடுத்து ஏற்றிவிட்டார். பையை டாக்டரம்மா உள்ளே வைத்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்த சின்னவள் கீழே பார்த்து, "ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வெளிய வாங்க அண்ணி. மூணு வருஷம்தானே? ஏதாவது செஞ்சு பொழைச்சுக்கலாம்" என்றாள்.

"வர்றேன்டி," என்றாள் டாக்டரம்மா.

வண்டி திரும்பி மறையும்வரை நின்றாள். இடைவேளை முடிய இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. திரும்பி நடந்தாள். கேட்டில் காவலாளி அவள் உள்ளே வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, கம்பிக் கதவைச் சாத்தினான்.